பண்ணை மீனுக்கு ஹார்மோன் ஊசி: நம்ம தட்டுக்கு வருவது என்ன?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காரைக்கால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடல் மீன் வரத்து குறைய, பண்ணை மீன் பக்கம் கை போகும். கூடவே ஒரு பேச்சும் கிளம்பும்: “அதெல்லாம் ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிற மீனுங்க!”

இது பாதி உண்மை. ஊசி உண்டு. ஆனால் அது வளர்க்க அல்ல, முட்டையிட வைக்க.

ஊசி யாருக்கு?

கொடுவாவையே எடுத்துக்கொள்வோம். தொட்டியில் வளரும் தாய் மீனுக்கு முட்டை உருவாகும். ஆனால் ‘இப்போது இடு’ என்று மூளை தரும் கடைசி சிக்னல் பெரும்பாலும் வராது. அந்த சிக்னலின் செயற்கை நகல்தான் எல்.ஹெச்.ஆர்.ஹெச்.ஏ. எடையில் ஒரு கிலோவுக்குச் சில பத்து மைக்ரோகிராம் போதும். சுமார் ஒன்றரை நாளில் மீன் முட்டையிடும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் (சிபா) 1997-ல் கொடுவாவைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. இந்தியாவில் அதுவே முதல்முறை.

இது ஸ்டீராய்டா?

இல்லை. இது பெப்டைட், அதாவது அமினோ அமிலங்களின் குட்டிச் சங்கிலி. சிக்னல் கிடைத்ததும் மீனின் சினைப்பையே தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரந்துகொள்ளும். ஊசி போடுவது தாய், தந்தை மீன்களுக்கு மட்டும். நாம் சாப்பிடுவது அவற்றின் குஞ்சுகள் வளர்ந்த மீனை. கொடுவா ஆணாகப் பிறந்து, சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறும் மீன். அதனால் தாய் மீன் பொரிப்பகத்துக்குப் பொக்கிஷம். அதை லேசில் விற்க மாட்டார்கள்.

அப்போ ஸ்டீராய்டு எங்கே?

ஜிலேபி கெண்டையில், அதாவது திலாப்பியாவில். இது குளத்திலேயே அடிக்கடி குஞ்சு பொரிக்கும். கூட்டம் பெருகி எந்த மீனும் பெருக்காது. அதனால் எல்லாக் குஞ்சையும் ஆணாக்க, மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் கலந்த தீவனத்தை முதல் 3-4 வாரம் தருவது உலகெங்கும் உள்ள வழக்கம். அளவு, கிலோ தீவனத்துக்குச் சுமார் 60 மில்லிகிராம். பிறகு பல மாதம் சாதாரணத் தீவனம்தான். அதற்குள் மருந்து உடலிலிருந்து வெளியேறிவிடும்.

யார் கவலைப்பட வேண்டும்?

சாப்பிடுபவரைவிட, கையுறை இல்லாமல் அந்தத் தீவனத்தைக் கலக்கும் தொழிலாளிதான். அடுத்தது, பொரிப்பகத்துத் தொட்டித் தண்ணீர் சுத்திகரிக்காமல் போய்ச் சேரும் வாய்க்கால்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது வேறு. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்ற ஆன்டிபயாடிக்குகளும், டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோனும் இந்திய மீன்வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. இவை மீனில் இருக்கின்றனவா என்பதைக் கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகச் சோதனைதான் சொல்லும். ஏற்றுமதிச் சரக்குக்கு அந்தச் சோதனை கட்டாயம். உள்ளூர் மார்க்கெட் கூடைக்கும் அது வழக்கமாக வேண்டும். “ஊசி போட்டீங்களா?” என்பதைவிட, “சோதனை பண்ணீங்களா?” என்பதே கேட்க வேண்டிய கேள்வி.