நிழல் இல்லாத ஞாயிறு

மாசத்தின் முதல் ஞாயிறு பிரியாணியோடு வரும். இரண்டாவது ஞாயிறு சாம்பாரோடு வரும். மூன்றாவது, ரசத்தோடு. கடைசி ஞாயிறு இருக்கிறதே, அது வெறும் கேள்வியோடு மட்டும் வரும். ‘‘அப்பா, இன்னிக்கு எங்கே கூட்டிட்டுப் போறே?’’

எனக்கு இரண்டு பிள்ளைகள். இது நடந்தபோது பெரியவளுக்கு எட்டு வயசு, சின்னவனுக்கு நாலரை. பெரியவள் யோசித்துத்தான் பேசுவாள். சின்னவன் பேசிய பிறகும் யோசிக்க மாட்டான். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2020-ல் கொரோனா வந்தபோது எங்கள் ஆபீஸில் சம்பளத்தில் கை வைத்தார்கள். ‘‘தற்காலிகம்தான்’’ என்றார்கள். நம்ம ஊரில் தற்காலிகப் பாலங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வார்த்தையின் ஆயுள் எவ்வளவு என்று தெரியும். ‘இனிமேல் இந்த வீட்டில் செலவில்லாத சந்தோஷம் மட்டும்தான்’ என்று அன்றைக்கு நான் ஒரு திட்டம் அறிவித்தேன். கடையில் விற்கிற எதையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்பது திட்டத்தின் சாரம்.

முதலில் பேனா ஸ்டாண்டு. கடையில் அறுபது ரூபாய். ‘ஐஸ் குச்சியில நாமே செய்வோம்’ என்றேன். இருபத்து நாலு குச்சி தேவைப்பட்டது. ஒரு குச்சி ஐஸ் பத்து ரூபாய் வீதம் இருநூற்று நாற்பது. ஒட்டுவதற்குப் பசை முப்பது. இருபத்து நாலு ஐஸையும் நாலே நாளில் சாப்பிட்டதில் சின்னவனுக்கு இருமல் மருந்து தொண்ணூற்றைந்து. ஆக மொத்தம் முந்நூற்று அறுபத்தைந்து ரூபாயில் ஸ்டாண்டு தயார். பேனா வைத்ததும் சாய்ந்துவிட்டது.

அடுத்து, பக்கத்து போர்ஷனில் ஃப்ரிட்ஜ் வாங்கினார்கள். அந்த அட்டைப் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்து, ஜன்னல் வெட்டி, கதவு வைத்து, பிள்ளைகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் கட்டிய ஒரே சொந்த வீடு. இரண்டு நாள் பிள்ளைகள் அதில் குடியிருந்தார்கள். மூன்றாம் நாள் தெருப் பூனை ஒன்று உள்ளே புகுந்து மூன்று குட்டி போட்டது. அன்றிலிருந்து தினமும் அரை லிட்டர் பால் கூடுதல்.

என் சகதர்மிணி கணக்குப் பார்த்துவிட்டு, ‘‘இன்னும் ரெண்டு தடவை நீங்க இப்படி மிச்சம் பிடிச்சா வீட்டை அடகு வைக்கணும். அதுவும் முடியாது, வாடகை வீடு’’ என்றாள்.

இந்தப் பின்னணியில்தான் 2022 ஏப்ரல் 24 வந்தது. ஞாயிற்றுக்கிழமை. மாசக் கடைசி. பர்ஸில் இருந்தது நானூற்றுச் சொச்சம்.

வழக்கமான கேள்வியோடு பெரியவள் வந்து நின்றாள். நான் தயாராக இருந்தேன். ‘‘இன்னிக்கு மெட்ராஸ்ல நிழலே விழாது, தெரியுமா?’’ என்றேன்.

விளையாட்டில்லை, நிஜம். உச்சி வெயில் என்றால் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே இருப்பதாகத்தான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். அது தப்பு. வருஷம் பூராவும் நடுப்பகலில் சூரியன் கொஞ்சம் வடக்கேயோ தெற்கேயோ தள்ளித்தான் நிற்கும். பூமி இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்து சுற்றுவதால், சூரியன் கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவே போய்ப் போய் வருகிறது. அந்த இரண்டு ரேகைக்கும் இடையில் இருக்கிற ஊர்களுக்கு மட்டும், போகும்போது ஒரு நாள், வரும்போது ஒரு நாள், வருஷத்துக்கு இரண்டே இரண்டு நாள் உச்சந்தலைக்கு நேராக வந்துவிட்டுப் போகும். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கில் வரும். சுமார் 13 டிகிரி வடக்கே இருக்கிற சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கில் ஒரு தடவை, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒரு தடவை. டெல்லி கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால், அங்கே இருப்பவர்கள் எவ்வளவு வெயிலில் காய்ந்தாலும் இந்தப் பாக்கியம் கிடையாது.

‘‘டிக்கெட் எவ்வளவு?’’ என்றாள் பெரியவள். எட்டு வயசுப் பெண் முதலில் கேட்ட கேள்வி அது. அப்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

‘‘ஃப்ரீ! மொட்டை மாடியில!’’

ஆராய்ச்சிக்கூடத்தை நானே தயார் செய்தேன். ஒரு எவர்சில்வர் டம்ளர். அதை நிற்கவைக்க ஒரு பலகை. பலகை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு தட்டில் தண்ணீர். டம்ளர் நேராக நிற்கிறதா என்று பார்க்க, நூலில் கட்டிய ஒரு பழைய பூட்டு, அதாவது கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக் குண்டின் ஏழைப் பங்காளி. மொத்தச் செலவு பூஜ்யம். சகதர்மிணி முதல் தடவையாக என்னை மரியாதையோடு பார்த்தாள்.

பதினொன்றே முக்காலுக்கு மாடிக்குப் போனோம். ஏப்ரல் வெயிலில் மொட்டை மாடி தோசைக்கல் மாதிரி இருந்தது. ஈரச் சாக்கை விரித்து நாலு பேரும் அதன் மேல் நின்றோம். அங்கே ஏற்கெனவே ஹவுஸ் ஓனர் வீட்டு மாமி வடாம் பிழிந்து காயவைத்துவிட்டு, காக்காய்க்குக் காவல் உட்கார்ந்திருந்தார்.

‘‘என்னப்பா டம்ளரும் தட்டுமா வந்திருக்கீங்க? பூஜையா?’’

விஷயத்தைச் சொன்னேன். மாமி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ‘‘அப்ப இன்னிக்கு வடாம் நல்லாக் காயும்னு சொல்லு’’ என்றார். விஞ்ஞானம் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று சொல்வது இதைத்தான் போலிருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு டம்ளரின் நிழல் ஒரு நகக்கண் அளவுக்கு இருந்தது. சின்னவன் பொறுமை இழந்து, ‘‘மணி பன்னெண்டு ஆச்சே, எங்கேப்பா?’’ என்றான். நம் கடிகாரம் 82½ டிகிரி தீர்க்க ரேகையை வைத்து ஓடுகிறது, சென்னை அதற்குக் கொஞ்சம் மேற்கே இருப்பதால் சூரியன் ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் லேட், அதில் அந்தத் தேதிக்கு உரிய இரண்டு நிமிஷத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் அவனுக்கு எப்படிச் சொல்வது? ‘‘சூரியன் நம்ம ஊருக்கு ஏழு நிமிஷம் லேட்டா வரும்டா’’ என்றேன். ‘‘உங்க ஆபீஸ் மாதிரியா?’’ என்றாள் சகதர்மிணி.

பன்னிரண்டு ஏழு. டம்ளரைச் சுற்றி ஒன்றுமே இல்லை. சுத்தமாக. வெயிலில் ஒரு டம்ளர் தனியாக, துணைக்கு நிழல்கூட இல்லாமல் நின்றது. மாமி எழுந்து வந்து குனிந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

‘‘என் நிழல் எங்கேப்பா?’’ என்றான் சின்னவன்.

‘‘உன் காலுக்கு அடியில இருக்கு.’’

‘‘அதுக்கு வலிக்காது?’’

‘‘அப்ப குதி.’’

குதித்தான். அவன் மேலே போன ஒரு கணம், சாக்கின் மேல் குட்டியாக ஒரு நிழல் வந்துவிட்டு, அவன் இறங்கியதும் ஓடி ஒளிந்துகொண்டது. அதற்கப்புறம் இரண்டு பேரும் குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் வந்து என்னவென்று கேட்டார். அவரும் குதித்தார்.

வெற்றிக் களிப்பில் நான் செய்த தப்பு, ‘‘சாயங்காலம் பீச்!’’ என்று அறிவித்தது. பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, எதிரே பறக்கும் ரயிலுக்கு மாறி, திருவல்லிக்கேணியில் இறங்கி நடந்தோம். ரயிலில் ஐந்து வயசு ஆகாத சின்னவனுக்கு டிக்கெட் கிடையாது. கையில் வீட்டிலேயே செய்த புளியோதரை, வீட்டிலேயே தாளித்த சுண்டல், வீட்டுத் தண்ணீர். மெரினா வியாபாரிகள் சங்கம் ஒன்று இருந்தால் என்னைத்தான் முதல் எதிரியாக அறிவித்திருக்கும்.

பெரியவள் அன்றைக்கு நடந்துகொண்ட விதம்தான் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பலூன் சுடுகிற இடத்தில், ‘‘போர்ப்பா, வா போலாம்’’ என்றாள். பஞ்சு மிட்டாய்க்காரரைப் பார்த்து, ‘‘அது சாயம்ப்பா, உடம்புக்கு ஆகாது’’ என்றாள். (2024-ல் ரோடமின்-பி என்ற சாயம் கலப்பதைக் கண்டுபிடித்துத் தமிழ்நாட்டு அரசாங்கமே பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. என் பெண் இரண்டு வருஷம் முந்திக்கொண்டாள்.) கடைசியில் ராட்டினம். ராட்டினக்காரர், ‘‘வா சார், கொயந்தைங்கள ஏத்து சார், ஆளுக்கு அம்பது ரூபா’’ என்று பெட்டியைப் பிடித்து நிறுத்தினார்.

‘‘எனக்கு வேணாம்ப்பா. தலை சுத்தும்’’ என்றாள் பெரியவள்.

நான் சகதர்மிணி பக்கம் திரும்பி, ‘‘பாத்தியா, எப்படி வளத்திருக்கேன்?’’ என்றேன். அவள் பதில் சொல்லவில்லை.

பதில் சொன்னது சின்னவன். ‘‘அக்காக்குத் தலையெல்லாம் சுத்தாதுப்பா. உன்கிட்ட காசு இல்லேன்னு சொன்னா. எதுவும் கேக்கக் கூடாதுன்னு சொன்னா. ஸ்கூல் ஃபீஸ் கட்டணுமாம். நைட்டு நீயும் அம்மாவும் பேசினப்போ அக்கா தூங்கவே இல்ல...’’

பெரியவள் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். பொத்திய பிறகும் அவள் கண் என்னவோ ராட்டினத்தின் உச்சியில் இருந்த பெட்டியிலேயேதான் இருந்தது.

ஒரே ஒரு பெட்ரூம் இருக்கிற வீட்டில், ‘பசங்க தூங்கிட்டாங்க’ என்று நம்பி ராத்திரி பத்தரைக்கு மேல் ஃபீஸ், வட்டி, வாடகை என்று கிசுகிசுப்பதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் எட்டு வயசில், விரல் மடங்கி நடந்துகொண்டே, ‘செருப்பு கடிக்கலப்பா, இன்னும் ஒரு வருஷம் வரும்’ என்று என் அப்பாவிடம் சொன்னவன்தான் நானும். அவரும் அன்றைக்கு யாரிடமாவது பெருமைப்பட்டிருப்பார்.

நான் சொல்லிக்கொடுத்தது சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கற்றுக்கொண்டது ஆசையை மறைக்க.

மணலில் உட்கார்ந்து அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். நிறையப் பேச வரவில்லை. ‘‘கண்ணு, அப்பாகிட்ட நிறையக் காசு இல்லைங்கறது நிஜம்தான். ஃபீஸுக்குக் கொஞ்சம் குறையுது. அதை நானும் அம்மாவும் பாத்துக்கறோம், அது எங்க வேலை. உன் வேலை, வேணும்னா வேணும்னு கேக்கறது. முடியாதுன்னா முடியாதுன்னு நான் சொல்லுவேன். என் வேலையை நீ பண்ணாதே, சரியா?’’

கொஞ்ச நேரம் மணலைக் கிளறினாள். பிறகு மிகவும் மெதுவாக, ‘‘ராட்டினம் வேணும்ப்பா’’ என்றாள்.

நாலு பேரும் ஏறினோம். கையால் சுற்றுகிற ராட்டினம்தான், ஆனால் உச்சிக்குப் போனதும் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ‘‘அப்பா, கண்ணைத் தொறந்து பாரு, கப்பல் தெரியுது!’’ என்று கத்தினாள் பெரியவள். சகதர்மிணி கல்யாணத்துக்கு அப்புறம் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. இறங்கியதும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

‘‘தலை சுத்துச்சா கண்ணு?’’

‘‘உனக்குத்தான்ப்பா சுத்துது!’’

ராத்திரி கணக்கு நோட்டை எடுத்து, ‘ராட்டினம், 4 x 50 = 200’ என்று எழுதினேன். வழக்கமாக எதிர்ப் பக்கத்தில் ‘தவிர்த்திருக்கலாம்’ என்று சிவப்பில் எழுதுகிற சகதர்மிணி அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. ஃபீஸை இரண்டு தவணையாகக் கட்டினோம். வானம் இடிந்து விழவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு மாற்றம். காசு விஷயத்தை ராத்திரி கிசுகிசுப்பதில்லை. சாப்பிடும்போதே, பிள்ளைகள் காதில் விழுகிற மாதிரி, ‘இது முடியும், இது அடுத்த மாசம், இது முடியாது’ என்று பேசிவிடுகிறோம். பெரியவளும் ‘வேணும்’ என்று இப்போது பெரிய பட்டியலே வைத்திருக்கிறாள். முக்கால்வாசிக்கு நான் முடியாது என்கிறேன். ஒவ்வொன்றுக்கும் சண்டை போடுகிறாள், கதவைச் சாத்துகிறாள், அம்மாவிடம் அப்பீலுக்குப் போகிறாள். என் காதுக்கு என்னவோ அது சங்கீதமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 18 வாக்கில் சென்னையில் இருந்தால் பன்னிரண்டு மணி பன்னிரண்டு நிமிஷம் வாக்கில் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு டம்ளர் போதும், செலவு கிடையாது. ஈரச் சாக்கை மறக்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ராட்டினத்துக்கும் ஒரு இருநூறு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.