போர்டை மாற்றுவதற்கு முன் வாளியை வையுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும், உங்களுக்குத் தெரியாததா!

டிஷ்வாஷரில் தண்ணீர் ஏறவில்லை என்றதும், குழாயைத் திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போச்சு" என்று சொல்கிற பழக்கம் நம் பக்கம் பரவிவிட்டது. இதை ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. சோம்பேறித்தனம் என்கிறேன். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு நாம் பணம் கட்டுகிறோம். மீஞ்சூர், வள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று நம் பக்கத்து வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை. மெஷினைக் கடைசியில் பார்க்கலாம்.

என் தம்பி மகளுக்கு நடந்தது இது. சிப்காட்டில் ஷிப்ட் வேலை. புருஷனும் வேலைக்குப் போகிறவர். இரவு வந்து பாத்திரம் தேய்க்க முடியவில்லை என்று கடன் போட்டு மெஷின் வாங்கினாள். மூன்றாம் மாதம் தண்ணீர் ஏறவில்லை. வந்த பையன் மெஷினை ஆன் செய்தான், சத்தம் கேட்டான், "போர்டு மேடம், எட்டாயிரத்து ஐந்நூறு" என்றான். வாரண்டி இருக்கே என்றதற்கு, "உப்புத் தண்ணி கேஸுக்கு வாரண்டி வராது" என்றானாம். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். உப்புத் தண்ணீர்தான் காரணம் என்றால் போர்டை எதற்கு மாற்ற வேண்டும்? போர்டுதான் காரணம் என்றால் வாரண்டி ஏன் இல்லை? இரண்டும் ஒரே வாயில் எப்படி வரும்? நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். எல்லா இடத்திலும் இதே பாட்டுதான்.

நான் டீச்சர் ட்ரெயினிங் டிப்ளமோ படித்தவள், இன்ஜினியர் இல்லை. ஆனால் இதற்கு எட்டாம் வகுப்பு அறிவியல் போதும். பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே, நடுவில், கீழே மூன்று ஓட்டை போட்டுக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? கீழ் ஓட்டையில் தண்ணீர் தூரமாகப் பீய்ச்சும், மேல் ஓட்டையில் சொட்டும். பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதினீர்கள். வீட்டு மொட்டைமாடி டேங்க்கும் அந்த பாட்டிலும் ஒன்றுதான் என்பதை மட்டும் மறந்துவிட்டீர்கள்.

கணக்கைப் பாருங்கள். தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். பல டிஷ்வாஷர்களின் கையேட்டில் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் வேண்டும் என்று போட்டிருக்கும். அதாவது குழாய்க்கு மேலே 3 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை தண்ணீர் நிற்க வேண்டும். என் தம்பி மகள் இருப்பது மாடி வீடு, தலைக்கு மேலேயே டேங்க். சிங்க் அடியில் உள்ள குழாயிலிருந்து அளந்தால் மூன்றரை மீட்டர் தேறும். வழியில் அரை இஞ்ச் பைப், நாலு எல்போ, பழைய ஆங்கிள் காக். அதிலும் கொஞ்சம் போய்விடும். கீழ் வீட்டில் நன்றாக ஓடும் அதே மெஷின் மேல் வீட்டில் நிற்கும். அதற்கு மெஷின் என்ன செய்யும்?

"குழாயில தண்ணி வருதே டீச்சர்" என்பீர்கள். வரும். ஆனால் மெஷினுக்குள் தண்ணீரை விடும் இன்லெட் வால்வு பெரும்பாலும் தண்ணீரின் அழுத்தத்தையே துணையாக வைத்துத் திறக்கும் வகை. கரண்ட் வந்தால் மட்டும் போதாது. வாளிக்குப் போதுமான தண்ணீர் அந்த வால்வுக்குப் போதாமல் போகலாம்.

இனி உப்பு. 1960களின் இறுதியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகளிலிருந்து சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் தண்ணீர் எடுத்தார்கள். எடுக்க எடுக்க நிலத்தடியில் கடல் நீர் உள்ளே வந்தது. சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர்ச் சட்டம் 1987ல் வந்தபோது நம் கிணறுகள் ஏற்கெனவே கரித்துக்கொண்டிருந்தன. 2010ல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, சென்னைக்காக. நமக்கு மிஞ்சியது போர் தண்ணீரும், குழாய் முனையில் வெள்ளைப் படிவும். அந்தப் படிவும் டேங்க் துருவும் வண்டலும் போய் அடைவது எங்கே தெரியுமா? மெஷினுக்குத் தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள கட்டைவிரல் அகல வலையில்!

ஆகவே, யாரையும் கூப்பிடுவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்.

1. கதவு 'டக்' என்று மூடியிருக்கிறதா? டிலே ஸ்டார்ட் போட்டிருக்கிறதா? மெஷின் பின்னால் ஹோஸ் மடங்கியிருக்கிறதா?

2. ஆங்கிள் காக்கை மூடி, ஹோஸைக் கழற்றி, வாளியை வைத்துத் திறந்துவிடுங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் வேண்டும் என்று சில கையேடுகள் சொல்கின்றன. 10 லிட்டர் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பாருங்கள். அந்த எண்ணை எழுதி வையுங்கள்.

3. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹோஸ் முனையில் உள்ள வலையை எடுத்துப் பழைய பல் பிரஷ்ஷால் கழுவுங்கள். படிவு போகாவிட்டால் வினிகரில் ஊறவையுங்கள். ஹோஸ் முனையில் பெட்டி மாதிரி தடிப்பாக இருந்தால் அதற்குள் மின்வால்வு இருக்கும். அதைத் தண்ணீரில் முக்காதீர்கள், வெட்டாதீர்கள்.

4. கழிவு நீர் ஹோஸ் தரையில் கிடக்கிறதா? கையேட்டில் சொன்ன உயரத்தில் மாட்டாவிட்டால், ஏறும் தண்ணீர் அப்படியே வெளியே ஓடிவிடும். பார்ப்பவருக்குத் தண்ணீரே ஏறாதது போலத் தெரியும்.

5. மெஷின் அடியில் ஈரம் உண்டா? கசிவு இருந்தால் அடித்தட்டில் உள்ள மிதவை, தண்ணீரை ஏறவிடாமல் நிறுத்தும். இதற்கு மேல் மெக்கானிக் வேலை.

தம்பி மகள் வீட்டில் வாளி நிரம்ப இரண்டரை நிமிடம் ஆனது. வலையில் சுண்ணாம்பும் துருவும் அப்பிக்கிடந்தது. சுத்தம் செய்த பிறகு டேங்க் நிறைந்திருந்தால் தண்ணீர் ஏறியது, பாதிக்கு இறங்கினால் நின்றது. டேங்க் லைனில் சிறிய பிரஷர் பம்ப் போட்டோம். போர்டுக்குக் கேட்ட பணத்தில் பாதிகூட ஆகவில்லை. இப்போது ஓடுகிறது, அதே போர்டுடன். (பம்ப்பை டேங்க்கிலிருந்து வரும் லைனில் மட்டும் போடுங்கள். பஞ்சாயத்துக் குழாயில் மோட்டார் வைப்பது அடுத்த வீட்டுத் தண்ணீரைப் பறிப்பது.)

போர்டு கெட்டே போகாதா? போகும். இன்லெட் வால்வின் காயிலும் எரியும். அதை மீட்டர் வைத்துச் சோதித்து, எண்ணைக் காட்டிச் சொல்லட்டும், மாற்றுவோம். சோதிக்காமல் சொல்வது நோயாளியின் நாடியைத் தொடாமல் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது மாதிரி.

என் மாணவர்களில் சிலர் இந்த சர்வீஸ் வேலையில்தான் இருக்கிறீர்கள். தம்பிகளா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு, மாதத்துக்கு இத்தனை ரூபாய் பார்ட்ஸ் என்று மேலேயிருந்து விரட்டுகிறார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆனாலும் வாளி வைக்க இரண்டு நிமிடம்தான். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு குடும்பத்தின் எட்டாயிரம் மிஞ்சும்.

பெரிய குற்றம் விற்கிறவர்களுடையது. மெஷின் வாங்கும்போது எத்தனை பேர், என்ன கலர், எத்தனை மாதத் தவணை என்று கேட்கிறார்கள். டேங்க் எவ்வளவு உயரம், போர் தண்ணீரா என்று ஒருவரும் கேட்பதில்லை. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்றும் இந்தியத் தரநிலை சொல்கிறது. மெஷினில் போடும் உப்பு கடினத்தன்மையைத்தான் குறைக்கும், கடல் உப்பை எடுக்காது. இதை விற்கும்போதே சொல்ல வேண்டாமா? மாட்ட வருகிறவர் அழுத்தத்தை அளந்து தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாமும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பழுது பார்க்கும் உரிமைக்கென்றே மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தனி இணையதளம் திறந்திருக்கிறது.

கடைசியாக உறவுகளுக்கு ஒரு வார்த்தை. குரூப்பில் ஒரு பெரியவர், "கையால கழுவினா கை தேஞ்சா போயிடும்?" என்று போட்டார். தேய்ந்துதான் போகிறது மாமா. யாருடைய கை என்பதுதான் உங்களுக்குத் தெரியவில்லை. மெஷின் நின்ற அந்த மூன்று வாரமும் இரவு பதினொரு மணிக்கு சிங்க் முன்னால் நின்றது அவள் ஒருத்திதான். மெஷின் சரியாக வேண்டும் என்று நான் இவ்வளவு பேசுவது அதற்காகத்தான்.

உங்கள் வீட்டில் 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி, எத்தனையாவது மாடி, போர் தண்ணீரா பஞ்சாயத்துத் தண்ணீரா? மூன்றையும் கமெண்ட்டில் போடுங்கள். ஹோம்வொர்க்தான், ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்