பகிர்ந்துகொண்டால் படச்சுருளும் மலிவே

புகைப்படக் கலை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்ற பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. கைப்பேசியில் செலவின்றி ஆயிரம் படங்கள் எடுக்கலாம் என்றிருக்கும்போது, படச்சுருளை விலை கொடுத்து வாங்குவானேன் என்று பெற்றோர் கேட்பதும் நியாயமே. ஆயினும், சுருளில் படம் பிடிக்கும் கலையைப் பணமுள்ளவர்களுக்கே விட்டுவிடலாகாது. கூடி முயன்றால் எளிய குடும்பத்து மாணவியும் அதைக் கற்கலாம் என்பதே எங்கள் கருத்து.

சுருளின் விலை ஏன் இவ்வளவு என்பதை முதலில் அறிய வேண்டும். ஒளி பட்டால் மாறும் வெள்ளி உப்புகளை ஜெலட்டினில் கலந்து, பிளாஸ்டிக் பட்டையின் மேல் மெல்லிய படலமாகப் பூசியதே படச்சுருள். வெள்ளி விலையேறினால் சுருளும் விலையேறும். அதைச் செய்யும் ஆலைகளோ உலகில் சிலவே. அத்தகைய ஆலை ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருந்தது! 1960-இல் உதகமண்டலத்தில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் 1967 முதல் உற்பத்தி செய்தது. அதன் சுருளுக்கு 'இந்து' என்று பெயர். நிலவு என்பது பொருள். பின்னர் அந்நிறுவனம் நட்டத்தில் வீழ்ந்தது. 2014-இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது, ஆலையும் ஓய்ந்தது. இன்று நாம் இறக்குமதிச் சுருளையே நம்பியிருக்கிறோம்.

அப்படியானால் மலிவுக்கு வழியே இல்லையா? உண்டு. கடையில் ஒவ்வொரு சுருளாக வாங்காமல், 100 அடி நீளமுள்ள பெருஞ்சுருளாக வாங்கலாம். 36 படங்களுக்குரிய ஒரு சுருளுக்கு ஏறக்குறைய ஐந்தரை அடி போதும். ஆகவே, ஒரு பெருஞ்சுருளிலிருந்து 18 சுருள்கள் வரை வெட்டி, பழைய காலிக் கூடுகளில், ஒளி புகாத கறுப்புப் பையினுள் கைவிட்டுச் சுற்றிக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளைச் சுருளாயின் கழுவும் கூலியும் மிச்சம். அதைப் பள்ளியிலேயே கழுவலாம். கரைசலை 20 பாகை வெப்பத்தில் வைப்பது வழக்கம். நம் ஊர் வெயிலுக்கு மண்பானைத் தண்ணீரும் சிறிது பனிக்கட்டியும் கைகொடுக்கும். காலாவதியான சுருள்களும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் அவற்றில் படம் மங்கக்கூடும். பழகுவதற்கு அவை போதும். தங்கையின் புதுநன்மை விழாவுக்கு அவற்றை நம்புவது கூடாது!

கேமரா புதிதாக வாங்க வேண்டியதில்லை. எத்தனையோ வீடுகளில் தாத்தாவின் பீரோவுக்குள் பழைய கேமரா உறங்குகிறது. அதுவும் இல்லாதவர்களுக்குச் சூரிய அச்சு இருக்கிறது. இருவகை இரும்பு உப்புகளைத் தாளில் பூசி, மேலே இலையை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் நீல நிறப் படம் கிடைக்கும். 1842-இல் ஜான் ஹெர்ஷல் இம்முறையைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்னும் பெண்மணி கடற்பாசிகளை இவ்விதம் படமாக்கி நூலாக வெளியிடத் தொடங்கினார்.

"சுருளில் என்ன சிறப்பு?" என்று கேட்கலாம். கைப்பேசியை நாங்கள் இகழவில்லை. ஆனால் மூன்றே படங்கள்தாம் எடுக்கலாம் என்றால், ஒளி எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று கண் தானாகவே தேடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா (1913-2012), ஒரு சுருளுக்கு 12 படங்களே எடுக்கும் ரோலிஃபிளெக்ஸ் கேமராவைக் கொண்டு நம் விடுதலைக் காலத்து வரலாற்றைப் பதிவு செய்தார். 2011-இல் அவருக்குப் பத்மவிபூஷண் விருது கிடைத்தது. அளவு குறைந்ததால் அவர் கலை குறைந்துவிடவில்லை.

எங்களை உறுத்துவது வேறொன்று. "எனக்கு அதில் விருப்பமில்லை" என்று சொல்லி ஒதுங்கும் தோழிகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அவர்கள் கண்கள் மட்டும் கேமராவை விட்டு அகலுவதில்லை. விருப்பமின்மை அன்று, வீட்டு நிலைமையே அவர்களைத் தடுக்கிறது. தாலந்தைப் புதைத்து வைத்த ஊழியனை நற்செய்தி கண்டிக்கிறது. ஆனால் மண்ணைத் தோண்டிப் புதைத்தது வறுமை என்றால், அதைத் தோண்டி எடுக்கும் கடமை நம் எல்லோருக்கும் இருக்கிறதல்லவா?

ஆகவே, அன்புள்ள தலைமைச் சகோதரி அவர்களுக்கும் பெற்றோருக்கும் எங்கள் வேண்டுகோள் இது. பள்ளியில் ஒரு புகைப்படக் குழு அமையட்டும். பள்ளிப் பொது நிதியிலிருந்து ஆண்டுக்கு ஒரு பெருஞ்சுருள் வாங்கப்படட்டும். 12 மாணவியருக்கு ஒரு சுருள் என்று வைத்தால், ஆளுக்கு 3 படங்கள். 18 சுருள்களில் 216 பேர் படம் எடுக்கலாம்! காணிக்கைப் பெட்டியைப் போல் பெயரெழுதாத ஓர் உண்டியல் இருக்கட்டும். முடிந்தவர் முடிந்ததை இடட்டும். எவர் இட்டார், எவர் இடவில்லை என்பது எவருக்கும் தெரிய வேண்டாம்.

இறைவன் வெயிலை எல்லோர் முற்றத்திலும் ஒன்றுபோலவே பொழிகிறார். அதைப் பிடித்து வைக்கும் சுருளை மட்டும் நாம் ஏன் சிலருக்கே உரியதாக்க வேண்டும்? ஊர் கூடித் தேர் இழுப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி