குடிச்சிட்டு ஏறினார்னு எழுதாதீங்க!

செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லமாட்டான்கிற தைரியம்தானே உங்களுக்கு? என் வூட்டுக்காரரு குடிச்சிட்டுச் சாரத்துல ஏறினாராம். போலீஸ்ல அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்காங்க. அஞ்சாம் மாடியில வெளிப்பூச்சு வேலை. அவருக்குக் கலவை எடுத்துக் கொடுத்த சித்தாளே நான்தான்யா! பக்கத்துல நின்ன எனக்கு வராத சாராய நாத்தம், கீழே ரூமுக்குள்ள இருந்த இன்ஜினியருக்கு எப்படி வந்துச்சு?

சவுக்குக் கம்பெல்லாம் மழையில ஊறி உளுத்துக் கிடந்துச்சு. கட்டின கயிறும் நைஞ்சுபோச்சு. "மாத்திக் கொடுங்க"ன்னு முந்தின நாளே மேஸ்திரிகிட்ட கேட்டாரு. "இந்த ஒரு பக்கம்தானே, முடிச்சிடு"ன்னாரு மேஸ்திரி. நிக்க ரெண்டு பலகை, அவ்ளோதான். பிடிச்சுக்கக் கம்பு இல்ல. இடுப்புக்குப் பெல்ட் இல்ல. கீழே வலை இல்ல. ஹெல்மெட் மட்டும் உண்டு. பெரிய ஆளுங்க சைட்டுக்கு வர்ற அன்னைக்குக் கொடுத்து, சாயங்காலமே எண்ணி வாங்கிப் பூட்டிடுவாங்க.

அவர் விழுந்த மறுநாள் சுத்திலும் வலை கட்டிட்டாங்க. ஒரே ராத்திரியில! பாவிங்களா, அதை ஒருநாள் முன்னாடி கட்டியிருந்தா என் தாலி நிலைச்சிருக்குமே!

இதெல்லாம் தரணும்னு 1996லயே சட்டம் வந்துடுச்சாம். சங்கத்து அண்ணன் சொல்லித்தான் தெரியும். கட்டுற செலவுல 1 சதவீதம் எங்க பேர்ல பிடிக்கிறாங்களாம். அப்படிப் பிடிச்சதுல கிட்டத்தட்ட 28,000 கோடி ரூபாய் நாடு முழுக்கச் செலவாகாமக் கிடந்ததை 2018ல சுப்ரீம் கோர்ட்டே கேட்டுச்சாம். எங்க காசு அது. எங்க உசுரு!

2014ல மவுலிவாக்கத்துல 11 மாடி சரிஞ்சு 61 பேர் செத்தாங்க. ஆந்திரா, ஒடிசாவுலேர்ந்து பிழைக்க வந்தவங்கதான் நிறைய. அப்ப மந்திரி வந்தாங்க, டிவி வந்துச்சு. ஒத்தையா விழுந்து சாகிறவனுக்கு யாரு வர்றா?

காரியச் செலவுக்குன்னு காண்டிராக்டர் ஒரு கவர் நீட்டினாரு. கூடவே, கைநாட்டு வைக்க எழுதாத வெத்துப் பேப்பர். நான் வைக்கல. வைக்கவும் மாட்டேன்.

விசாரணை முடிஞ்சதும் வலையை அவுத்து வேற சைட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க. அதே சாரத்துல இப்ப ஒரு வடநாட்டுப் பையன் நின்னு பூசிக்கிட்டிருக்கான். ஐயா, அதிகாரிங்களே, என் கேஸை அப்புறம் பாருங்க. முதல்ல அந்தப் புள்ளையைக் கீழே இறக்குங்க!