சி மொழியில் வெளியீட்டைத் திருப்புவது யார் வேலை?

சி மொழி படிக்கும் மாணவர்களிடம் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டிருக்கிறது. புரோகிராமிங் போட்டிக்காக எங்கோ பார்த்த இரண்டு ‘ஃப்ரீஓபன்’ வரிகளை எல்லா புரோகிராமிலும் மெயின் ஃபங்ஷனின் தலையில் ஒட்டிவிடுகிறார்கள். ஒன்று உள்ளீட்டை ஒரு ஃபைலில் இருந்து எடுக்க, மற்றது வெளியீட்டை இன்னொரு ஃபைலில் போட. போட்டிக்காரர்கள் ஃபைல் பெயர் சொல்லிக் கேட்டால் சரி. மற்றபடி இது புரோகிராமின் வேலையே அல்ல, ஷெல்லின் வேலை.

யுனிக்ஸில் ஒரு புரோகிராம் தொடங்கும்போதே வழக்கமாக மூன்று வாசல்கள் திறந்திருக்கும்: 0 உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழைச் செய்தி. அவை எங்கே போகின்றன என்பது புரோகிராமுக்குத் தெரிய வேண்டியதில்லை. கட்டளையில் > குறி போட்டால், ஷெல் ஃபோர்க் செய்து, ஃபைலைத் திறந்து, ‘டூப்2’ மூலம் அதை 1-ஆம் எண்ணில் வைத்துவிட்டு, பிறகுதான் புரோகிராமை ஓட்டுகிறது. 1973-ல் டக் மெக்கில்ராய் வற்புறுத்தி கென் தாம்சன் எழுதிய ‘பைப்’ வசதியும் இதே ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. உள்ளே ஃப்ரீஓபன் எழுதிய புரோகிராமை எந்தப் பைப்பிலும் கோர்க்க முடியாது. தவிர, ஸ்டேண்டர்டு சி-யில் பழைய வெளியீட்டுக்குத் திரும்பி வர வழியும் கிடையாது. திரும்ப வேண்டுமானால் முதலிலேயே ‘டூப்’ செய்து பழைய எண்ணைப் பத்திரப்படுத்த வேண்டும்.

இதைவிட சுவாரசியமான விஷயம் பஃபர். பிரின்ட்எஃப்பில் ஒரு ‘வணக்கம்’, கடைசியில் நியூலைன், அடுத்த வரியில் ஃபோர்க். அவ்வளவுதான் புரோகிராம். லினக்ஸில் ஓட்டிப் பாருங்கள். திரையில் ஒரு வணக்கம். அதையே > போட்டு ஃபைலுக்குத் திருப்பினால் இரண்டு வணக்கம்! பேய் எதுவும் இல்லை. வெளியீடு டெர்மினலுக்குப் போகும்போது நியூலைன் வந்ததுமே பஃபர் காலியாகிவிடும். ஃபைலுக்குப் போகும்போது பஃபர் நிறையும் வரை, அல்லது புரோகிராம் முடியும் வரை, எழுத்துகள் நினைவகத்திலேயே காத்திருக்கும். ஃபோர்க் அந்த நினைவகத்தையும் சேர்த்து நகலெடுக்கிறது. முடியும்போது பெற்றவரும் எழுதுகிறார், பிள்ளையும் எழுதுகிறது. ஃபோர்க்குக்கு முன்னால் ஒரு ‘எஃப்ஃப்ளஷ்’ போட்டால் தீர்ந்தது.

“எத்தனை முறை அச்சாகும்?” என்று இதைத் தேர்வில் கேட்கிறார்கள். வெளியீடு எங்கே போகிறது என்று சொல்லாமல் கேட்டால் அதற்கு ஒரே விடை கிடையாது. விடைத்தாளில் ‘இரண்டு’ என்று எழுதியவனுக்குச் சுழியம் போடுவது அநியாயம்.

பிழைச் செய்திக்கும் பிரின்ட்எஃப்பையே பயன்படுத்துவது இன்னொரு கெட்ட பழக்கம். ஃபைலுக்குத் திருப்பியதும் திரை வெறுமையாகிவிடும். “ஃபைலைத் திறக்க முடியவில்லை” என்ற வரி விடைகளோடு விடையாகப் போய் உட்கார்ந்திருக்கும். 2-ஆம் வாசலைத் தனியாக வைத்ததே இதற்காகத்தான். லேப் நோட்டில் ஃப்ரீஓபனுக்கு முன்னால் டூப்2-வுக்கு ஒரு பயிற்சி வைத்தால் இவ்வளவும் ஒரே மதியத்தில் புரிந்துவிடும்.