மானிட்டருக்கு எவ்வளவு, மத்ததுக்கு எவ்வளவு?

பத்திரிகை, அட்டைப்பெட்டி, லேபிள் டிசைன் பண்றவங்க கேக்குற கேள்வி: "கலர் கரெக்டா தெரியணும், எந்த மானிட்டர் வாங்கலாம்?" சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவனுக்கு பிரிண்டர்லேர்ந்து மிக்ஸி வரைக்கும் எல்லாம் தெரியும்ங்கிறது நம்ம ஊர் நம்பிக்கை :-) என் பதில் ஒண்ணுதான். மானிட்டருக்கு வச்ச காசுல ஒரு பங்கை எடுத்து கேலிப்ரேட்டர் வாங்குங்க.

விருத்தாசலத்துக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். கோபால்ட் ஆக்சைடு கறுப்புப் பொடி. கிளேஸ்ல கலந்து சூளையில வச்சா நீலமா வெளிய வரும். தாமிர ஆக்சைடு இன்னும் மோசம். காத்து தாராளமா இருந்தா பச்சை, காத்தைக் குறைச்சு எரிச்சா சிவப்பு. அதனால பூசும்போது தெரியுற நிறத்தை நம்பி பீங்கான் வேலை நடக்காது. ஒரு துண்டுல பூசி, சுட்டுப் பார்த்துட்டுத்தான் மொத்த சரக்கும் சூளைக்குப் போகும். அச்சு வேலையில மட்டும் ஸ்க்ரீன்ல தெரியறதே வேதம்னு நாம உக்காந்திருக்கோம்.

ஸ்க்ரீன் தானே வெளிச்சம் விடுது. பேப்பர் மேல விழுற வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்புது. கடையில வாங்குற மானிட்டர் பெட்டியைப் பிரிக்கும்போதே 250, 300 கேண்டெலா பிரகாசத்துல கண்ணைக் கூசும். அச்சு வேலைக்கு 80லேர்ந்து 120 போதும். "பிரிண்ட் டல்லா வந்திருக்கு"ங்கிற புகார்ல பாதி இங்கேயே தீர்ந்துடும், அதுவும் பைசா செலவில்லாம. அச்சடிச்ச தாளைப் பார்க்குற வெளிச்சத்துக்குன்னே ஐஎஸ்ஓ 3664னு ஒரு தரம் இருக்கு, 5000 கெல்வின். நம்ம வீட்டு வெள்ளை ட்யூப்லைட் அதைவிட நீலம்.

அடுத்தது விளம்பரம். "டிசிஐ-பி3 98 சதவீதம்"னு பெருசா போட்டிருப்பான். அது சினிமாவுக்காக வந்த அளவு. அச்சு சியான் நிறம் எஸ்ஆர்ஜிபிக்குள்ள முழுசா அடங்காது. அதை எட்டுறதுக்கு 1998ல வந்த அடோபி ஆர்ஜிபி அளவுதான் பொருத்தம். ஆனா கோட்டிங் இல்லாத சாதாரண அட்டையில அடிக்கிறவருக்கு அந்த விரிவே தேவையில்ல, இங்க் அவ்வளவு பளிச்சுனு அங்க உக்காராது. எஸ்ஆர்ஜிபியை முழுசா காட்டுற ஒரு ஐபிஎஸ் போதும். டிஎன் பேனல் மட்டும் வேண்டாம், தலையைக் கொஞ்சம் தூக்கினா நிறம் மாறிடும். ஐசோ கலர்எட்ஜ் அருமையான மானிட்டர்தான், வாடிக்கையாளர் அந்தக் காசைக் கொடுத்தா!

கேலிப்ரேட் பண்ணிட்டாலும் வேலை முடியல. எந்த மிஷின், எந்த பேப்பர்னு சாஃப்ட்வேருக்குச் சொல்லணும். ஃபோக்ரா39னு ப்ரொஃபைல் போடுறோம், அது கோட்டட் பேப்பருக்கு ஐரோப்பாவுல எடுத்த அளவு. உங்க பிரஸ்கிட்ட அவங்களோட ப்ரொஃபைல் இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா அதே மிஷின்ல, அதே அட்டையில சிஎம்ஒய்கே கட்டங்கள் போட்ட ஒரு ஷீட்டை அடிச்சு வாங்கி வச்சுக்குங்க. சிவப்பு வேணும்னா ஸ்க்ரீனைப் பார்க்காதீங்க, அந்தக் கட்டத்தைப் பார்த்து நம்பரைப் போடுங்க. எந்த மானிட்டரைவிடவும் அது உண்மை பேசும். தங்க இங்க்கை எந்த ஸ்க்ரீனும் காட்டாது.

இப்போ பெரிய தொல்லை வாட்ஸப். வாடிக்கையாளர் நிறத்தைத் தூக்கிக் காட்டுற போன்ல ஜேபெக்கைப் பார்த்துட்டு "சூப்பர், அடிச்சிடுங்க"ம்பார். ரெண்டாயிரம் பெட்டி வந்து இறங்கினதும் சிவப்பு செங்கல் நிறமா இருக்குன்னு நிப்பார். பிரஸ்காரர் ஃபைல்ல இருந்ததைத்தான் அடிச்சேன்ம்பார். டிசைனுக்கு ஐநூறோ ஆயிரமோ வாங்கினவர் தலையிலதான் அது விடியும். அதனால அட்டைப்பெட்டின்னா அதே அட்டையில ப்ரூஃப் எடுத்து, அது மேலயே வாடிக்கையாளர் கையெழுத்து வாங்குங்க. கப்புல ஒட்டுற டீக்கால்னா பேப்பர்ல இருக்கிற டீக்காலைக் காட்டி ஓகே வாங்காதீங்க, சுட்டு எடுத்த கப்பையே கையில கொடுங்க.