90 சதவீதமாம்!

இந்த வாரம் முழுக்க இந்த எண்ணைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அனல் மின் நிலையப் புகையில் இருக்கும் கரியமில வாயுவில் 90 சதவீதத்தைப் பிடித்துவிடுவார்களாம். அப்புறம் நிலக்கரி பத்தரை மாற்றுத் தங்கமாம்!

எதில் 90? அமெரிக்காவின் டெக்சாஸில் 100 கோடி டாலர் கொட்டி, பெட்ரா நோவா என்ற திட்டத்தை 2017-ல் ஓட்ட ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு நிலக்கரி அலகின் புகை. அதிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் உள்ளே போனது. அந்தப் பங்கில்தான் இந்த 90. மீதி, வழக்கம்போல வானத்துக்கு. பிடிக்கிற இயந்திரம் சும்மா ஓடுமா? அதற்கென்று எரிவாயுவில் ஓடும் தனி மின் நிலையத்தைப் பக்கத்திலேயே கட்டினார்கள். அதன் புகையைப் பிடிக்க ஆளில்லை! பிடித்த வாயுவையாவது சும்மா புதைத்தார்களா? 130 கிலோமீட்டர் குழாயில் கொண்டுபோய்ப் பழைய எண்ணெய் வயலுக்குள் செலுத்தி, மிச்சமிருந்த கச்சா எண்ணெயை வெளியே எடுத்தார்கள். அந்த எண்ணெய் எரிந்து வரும் புகையும் 90-ல் சேராது. 2020-ல் எண்ணெய் விலை சரிந்ததும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். 2023-ல்தான் மறுபடி ஓட்டினார்கள். பூமியைக் காப்பாற்றுவதற்கும் சந்தை நிலவரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

தனி நிலையம் கட்டாவிட்டால், வாயுவை உறிஞ்சிப் பிடிக்கும் அமீன் கரைசலைச் சூடாக்க மின் நிலையத்தின் நீராவியில்தான் கைவைக்க வேண்டும். பழைய அளவு மின்சாரம் கிடைக்க ஐந்தில் ஒரு பங்கோ கால் பங்கோ நிலக்கரி கூடுதலாக எரிய வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கூடுதலாகத் தோண்ட வேண்டும், சுரங்கத்தில் மீத்தேன் கசியும், தண்ணீர் கூடுதலாகச் செலவாகும், அமீன் சிதைந்து அம்மோனியா வரும். சாம்பலும் கூடும்.

நம் நாட்டுக் கூத்து தனி. அமீனுக்குக் கந்தகம் ஆகாது, பட்டால் கெட்டுப்போகும். முதலில் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கியாக வேண்டும். கந்தகப் புகைக்கு 2015-ல் வரம்பு கட்டினார்கள், தவணை மேல் தவணை கொடுத்தார்கள். 2025 ஜூலையில், பெரும்பாலான நிலக்கரி அலகுகளுக்குக் கந்தகம் நீக்கும் கருவியே வேண்டாம் என்று மத்திய அரசே விலக்கு அளித்துவிட்டது. அடித்தளத்துக்கே விலக்கு வாங்கியவர்கள் மொட்டை மாடிக்கு வரைபடம் காட்டுகிறார்கள்!

சாம்பல் என்று எழுதியபின் எண்ணூரைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை நாம் முடிக்க மாட்டோம், வாசகர்களுக்குத் தெரியும். அனல் மின் நிலையச் சாம்பல் குழாய்கள் உடைந்து உடைந்து கொசஸ்தலை ஆற்றில் கொட்டியது, பல ஆண்டுச் சேறாகக் கிடக்கிறது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தவர்கள் மனு கொடுத்துக் களைத்துவிட்டார்கள். கரியமில வாயுவை அப்புறம் பிடிக்கலாம், ஐயா. கண்ணுக்குத் தெரிகிற அந்தச் சாம்பலை எந்தத் தேதிக்குள் அள்ளி முடிப்பீர்கள்? சதவீதம் வேண்டாம், தேதியைச் சொல்லுங்கள்.